பேராண்டிக்குப் பித்தளை யோகம்

வாங்கு பேராண்டி, தாராளமா வாங்கு. உங்கப்பன் ராப்பகலா லாரி ஓட்டிச் சம்பாதிக்கிறது பின்ன எதுக்கு? கையகலப் பொட்டலத்துல ஆறு பித்தளைத் துண்டு வரும். ரெண்டு மூட்டை நெல்லு வெலை கேப்பான், குடுத்துடு. பேரம் மட்டும் பேசிடாத. வெலை குறைஞ்ச பித்தளைக்குத் தொண்டை கட்டிக்கும். அதிகம் குடுத்து வாங்கினதுதான் காதுக்கு இனிக்கும். அதுவும் வாங்கினவன் காதுக்கு மட்டும். பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

நீ சொன்னதையெல்லாம் திண்ணையில உக்காந்து பொறுமையாக் கேட்டேன். எலக்ட்ரிக் கிட்டார் பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற சின்னத் துண்டு இருக்கே, அந்த சேடில், அதைப் பித்தளையில மாத்தினா டோன் கதகதப்பா வருமாம். ஸ்டீல்னா பளிச்சுன்னு வருமாம். டைட்டானியம் போட்டா ஒரு தட்டு தட்டிட்டு, முக்குக் கடையில டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தாலும் கம்பி இன்னும் கூவிக்கிட்டே இருக்குமாம். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நீ வாசிக்கிறதை விட நீ பேசுறது நல்லா இருந்துச்சு.

கோவிச்சுக்காத. திருவிழா மேடையில விடிய விடிய இன்னிசைக் கச்சேரிக்குக் கிட்டார் வாசிச்ச தாத்தன் நான். எங்க கிட்டார்ல சேடில் என்ன உலோகம்னு அப்ப ஒருத்தரும் கேக்கல. கரண்டு இருக்கான்னுதான் கேட்டோம். மழையில நனைஞ்சு, வேன் டாப்புல உருண்டு, துரு ஏறிப்போன கிட்டார்களைப் பிரிச்சு மாட்டிச் சோறு தின்னவன்ங்கிற பாத்தியதையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் உன் இஷ்டம்.

முதல்ல கம்பி எப்படிப் பேசுதுன்னு பாரு. நீ தட்டினதும் கம்பியில ஒரு அலை கிளம்புது. ஓடிப்போய் சேடில்ல முட்டுது, திரும்புது, இந்தப் பக்கம் உன் விரல் அமுக்கின ஃப்ரெட்டுல முட்டுது, மறுபடி ஓடுது. தடிச்ச ஈ கம்பியை விரல் வைக்காமத் தட்டினா செகண்டுக்கு 82 தடவை போய்ட்டு வருது. மெல்லிசு ஈ கம்பியில 330 தடவை. ஒவ்வொரு முட்டலுக்கும் கொஞ்சம் சக்தி கட்டைக்குள்ள கசியுது. கசிவு குறைஞ்சா சத்தம் நீளும். கன்னுக்குட்டிக் கயித்தைக் கல்தூண்ல கட்டி ஒரு உதறு உதறிப் பாரு, போன அலை அப்படியே திரும்பி உன் கைக்கு வரும். அதே கயித்தை ஈர மண்ணுல நட்ட முளைக்குச்சியில கட்டி உதறு, குச்சி ஆடும், அலை அங்கயே செத்துப்போகும். சேடில்கிட்ட நாம கேக்குறது அம்புட்டுத்தான்: ஆடாம நில்லு.

இன்னொரு சங்கதி. உன் கிட்டார்ல பிக்கப்னு ஒண்ணு இருக்கு பாரு, அது காந்தமும் அதைச் சுத்தின மெல்லிசுச் செம்புக் கம்பியும். அதுக்கு மரமும் தெரியாது, பித்தளையும் தெரியாது. தலைக்கு மேல இருக்கிற இரும்புக் கம்பி எப்படி அசையுதோ அதைத்தான் கரண்டா மாத்துது. ஆக சேடில் என்ன மாயம் பண்ணினாலும் கம்பியோட அசைவு வழியாத்தான் பண்ணியாகணும். கம்பி அது மேல ஒரே முனையில நிக்கிற வரைக்கும் புதுசா ஒரு சத்தத்தைக் கம்பிக்குள்ள ஊட்ட அதால முடியாது. இருக்கிற சத்தத்துல எதை எவ்வளவு வேகமாத் தின்னுதுங்கிறதுதான் அது போடுற டோன். நைலான் சேடில் மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் சீக்கிரமாத் தின்னும், அதனால மிருதுவாக் கேக்கும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல இந்தப் பசி வித்தியாசம் இருக்கு; இல்லைன்னு தாத்தன் சொல்ல மாட்டேன். ஆனா அதை எடை போட உங்கப்பத்தா மிளகு நிறுக்கிற தராசு பத்தாது.

சரி, கடைக்காரன் கணக்குக்கு வருவோம். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை 8.5 கிராம் இருக்கும். ஸ்டீல் 7.8. ஜிங்க்கை உருக்கி அச்சுல ஊத்தின வார்ப்பு 6.6. டைட்டானியம் 4.5. அலுமினியம் 2.7. இது கனம். விறைப்புன்னு பார்த்தா ஸ்டீல்தான் முன்ன நிக்கும். பித்தளையும் டைட்டானியமும் அதுல ஏறக்குறைய பாதி. இப்ப வேடிக்கையைப் பாரு. கனமா இருக்கு, அதனால நீண்டு ஒலிக்கும்னு சொல்லிப் பித்தளையை விக்கிறான் ஒருத்தன். லேசா இருக்கு, அதனால நீண்டு ஒலிக்கும்னு சொல்லி டைட்டானியத்தை விக்கிறான் அடுத்தவன். ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினவன் ரெண்டுலயும் நீண்டு ஒலிக்குதுன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றான். கனமும் லேசும் ஒரே வேலையைச் செய்யிற அதிசயத்தை மாட்டுச் சந்தையிலகூட நான் பார்த்ததில்ல. அங்க பல்லையாவது பிடிச்சுப் பார்ப்பாங்க.

இந்தப் பித்தளைக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல, ஃபுல்லர்டன்னு ஒரு ஊரு. சுத்தி ஆரஞ்சுத் தோட்டம். அங்க லியோ ஃபெண்டர்னு ஒரு ரேடியோ மெக்கானிக் கடை வச்சிருந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. (வாசிக்கத் தெரியாதவர் கிட்டாரைச் செஞ்சார், நீ வாசிக்கத் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே கிட்டாரைப் பிரிச்சுட்ட. ரெண்டும் சாதனைதான்.) 1950-ல அவர் கொண்டு வந்த கிட்டார், அடுத்த வருஷமே டெலிகாஸ்டர்னு பேர் மாறுச்சு. அதுல ஆறு கம்பிக்கு மூணே மூணு சேடில். ஒரு உருளை மேல ரெண்டு கம்பி. முதல்ல பித்தளை. 50-கள் நடுவுல ஸ்டீலுக்கு மாத்திட்டாங்க. பித்தளையைக் கடைசல்ல உருட்டுறது சுலபம். ஆனா அந்த ஆளு சுலபத்துக்காகப் போட்ட துண்டா இருக்கலாம்னு சொன்னா இன்னைக்கு உன் கூட்டாளிங்க என்னை ஊரை விட்டுத் தள்ளி வச்சிருவாங்க. அந்தப் பழைய பித்தளைக்கு இப்ப தேர் இழுக்காத குறை.

மூணு சேடில்ல ஒரு தொல்லை இருந்துச்சு. 12-வது ஃப்ரெட்டுல அமுக்கித் தட்டினா, சும்மா விட்ட கம்பியை விடச் சரியா ஒரு ஸ்தாயி மேல கேக்கணும். அதுக்கு ஒவ்வொரு கம்பிக்கும் நீளத்தைக் கொஞ்சம் முன்ன பின்ன வைக்கணும். ரெண்டு கம்பியும் ஒரே உருளையில ஒட்டுக்குடித்தனம் பண்ணினா ஒருத்தனைச் சரி பண்றப்ப அடுத்தவன் விலகுவான். அப்படியே வாசிச்சுத்தான் அமெரிக்காக்காரன் கிராமத்துப் பாட்டையெல்லாம் உலகம் பூரா கொண்டு போனான். பிற்பாடு உருளையைச் சாய்வாக் கடைஞ்சு அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்தாங்க. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்க: ரெண்டு கம்பி சேர்ந்து அழுத்துறதால அந்த உருளை தட்டு மேல அசையாம உக்காருது. டெலிகாஸ்டர் சத்தத்துக்கு உலோகத்தைப் புகழ்றவன் இந்த உக்கார்ற விஷயத்தைப் பேசுறதே இல்ல. அதைப் பொட்டலம் கட்டி விக்க முடியாது பாரு.

1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்துச்சு. உன்னோடது அதோட சாயல்தானே. ஆளுக்கொரு சேடில், ஆறு. ஸ்டீல் தகட்டை வளைச்சுச் செஞ்சது. உயரத்துக்கு ரெண்டு பொடி ஸ்க்ரூ, நீளத்துக்குப் பின்னாடி ஒண்ணு. 70-கள் தொடக்கத்துல அதையும் அச்சுல ஊத்தின வார்ப்பா மாத்தினாங்க. அந்த வார்ப்பைத் திட்டாத கிட்டார்காரன் கிடையாது. திட்டிக்கிட்டே அதுல வாசிச்சு ரெக்கார்டு போட்டவங்களும் அவங்கதான்.

இன்னொரு பக்கம் கிப்ஸன் கம்பெனி. டெட் மெக்கார்ட்டி தலைமையில இருந்தப்ப ட்யூன்-ஓ-மாட்டிக்னு ஒரு பிரிட்ஜ் செஞ்சு, 1954-ல லெஸ் பால் கஸ்டம் கிட்டார்ல மாட்டினாங்க. அதுல இருந்ததும் பித்தளை சேடில்தான், மேல நிக்கல் பூசி. 60-கள்ல அதே கம்பெனி பல கிட்டார்கள்ல நைலான் சேடில் வச்சுது. பித்தளை வச்சதும் அவனே, நைலான் வச்சதும் அவனே. உனக்கு எது வேதம்?

இதையெல்லாம் விடு. லெஸ் பால் ஜூனியர்னு ஒரு கிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குன்னு சல்லிசா விட்டது. அதுல கம்பிக்கு ஒரு சேடில்ங்கிற பேச்சே கிடையாது. ஒரே ஒரு உலோகத் துண்டு, கம்பியை அதுலயே செருகி, அது மேலயே சுத்தி எடுத்து விடுவாங்க. மவுண்டன்னு ஒரு குழுவுல லெஸ்லி வெஸ்ட்னு ஒரு ஆள், உடம்பும் மலைதான், அந்த மலிவு கிட்டாரை வச்சுக்கிட்டு வாசிச்சார் பாரு, அத்தனை தடிமனான டோன். டேனெலெக்ட்ரோன்னு இன்னொண்ணு. அழுத்தின மரத்தூள் அட்டையில உடம்பு. சேடிலோ ரோஸ்வுட் மரத்துல ஒரு சின்னக் கட்டை. ஜிம்மி பேஜ் அதை மேடையில வாசிச்சார். சேடிலே இல்லாதவனும் வாசிச்சான், மரத்துண்டு வச்சவனும் வாசிச்சான். ஆறும் தனித்தனியா, பளபளன்னு வச்சிருக்கிற நீதான் டோன் வரலைங்கிற.

70-கள்லயும் இதே பித்தளைக் கிறுக்கு ஒரு தடவை ஊரைப் பிடிச்சுது. கழுத்தோட தலைப்பக்கம் கம்பி உக்கார்ற நட்டு பித்தளை, பிரிட்ஜ் பித்தளை, எல்லாம் பித்தளை. 1976-ல யமஹா எஸ்ஜி-2000 வந்தப்ப பிரிட்ஜுக்கு அடியில, கட்டைக்குள்ளயே ஒரு பித்தளைப் பாளத்தைப் புதைச்சாங்க, சஸ்டெய்னுக்குன்னு. கார்லோஸ் சந்தானா அதை வாசிச்சார், சத்தம் நீண்டு ஒலிச்சுது, எல்லாரும் பாளத்தைக் கும்பிட்டாங்க. அவர் பின்னாடி முழுச் சத்தத்துல அலறிக்கிட்டு நின்ன ஆம்ப்பை யாரும் பார்க்கல. ஆம்ப் சத்தம் காத்து வழியாத் திரும்பி வந்து கம்பியை ஆட்டும். ஆடின கம்பி மறுபடி ஆம்ப்புக்குப் போகும். சரியான இடத்துல நின்னா ஒரு சுருதியை மணிக்கணக்கா பிடிக்கலாம். அதை உன் படுக்கையறையில பண்ணிப் பாரேன், உங்கப்பத்தா சஸ்டெய்னை எப்படி நிறுத்துறான்னு தெரியும்.

அப்ப சேடிலால ஒண்ணுமே ஆகாதான்னு கேக்குற. நல்லாக் கேட்ட. ஆகும், தலைகீழா ஆகும். ஆனா உலோகத்தால இல்ல, கம்பி அது மேல எப்படித் தொடுதுங்கிறதால. 1967-ல டேனெலெக்ட்ரோக்காரங்க வின்னி பெல்னு ஒரு கிட்டார் வாத்தியாரைக் கூட வச்சுக்கிட்டு கோரல் எலக்ட்ரிக் சிதார்னு ஒண்ணு விட்டாங்க. கிட்டார்தான், கிட்டார் கம்பிதான். பிரிட்ஜை மட்டும் கொஞ்சம் அகலமா, லேசாப் படுத்த மாதிரி செஞ்சாங்க. கம்பி அதிரும்போது அது மேல உரசி உரசி எழும்பும். அவ்வளவுதான், கிட்டார் இந்தியாவுக்கு வந்துருச்சு.

நமக்கு இது புதுசா? தஞ்சாவூர் வீணையைப் பாரு. குதிரை, அதாவது அதோட பிரிட்ஜ், அது மேல ஒரு உலோகத் தகடு, லேசா வளைஞ்சு இருக்கும். கம்பி அதுல ஒரே முனையில நிக்காது, வழுவிக்கிட்டுப் போகும். தம்புராவுல இன்னும் ஒரு படி மேல: கம்பிக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு நூலைச் செருகி, அதை மயிரிழை அளவு நகர்த்துவாங்க. நகர்த்துற இடத்தைப் பொறுத்து ஒண்ணுமில்லாத சத்தம் ஒரு மண்டபத்தையே நிரப்பும். கல்கத்தாவுல வேலை பார்த்த நம்ம திருச்சிக்காரர் சி. வி. ராமன் 1921-ல இதைப் பத்திக் கட்டுரையே எழுதினார். ஒரு கம்பியை ஒரு குறிப்பிட்ட இடத்துல தட்டினா, அந்த இடத்துல அசையாத மேல் சுருதி எதுவும் கேக்கக் கூடாதுங்கிறது ஐரோப்பாக்காரன் எழுதி வச்ச விதி. வீணையும் தம்புராவும் அந்த விதிக்குக் கட்டுப்படலைன்னு கண்டார், காரணம் அந்தக் குதிரைதான்னு சொன்னார். அது மேல இருந்த தகடு என்ன விலைன்னு அவர் விசாரிச்சதாத் தெரியல.

கிட்டார்ல நமக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிரு. கம்பி சேடிலோட முன் விளிம்புல பளிச்சுன்னு ஒரே முனையில கிளம்பணும். பள்ளம் கம்பியை விட அகலமா இருந்தா கம்பி அதுக்குள்ள பக்கவாட்டுல ஆடும். முன்பக்கம் தட்டையாத் தேஞ்சிருந்தா உரசும். அப்ப வர்ற அந்தக் கிர்ர்ர்ன்ற சத்தத்தைத்தான் நீ மூணு மாசமா 'உலோகம் சரியில்ல தாத்தா'ன்னு சொல்லிக்கிட்டு இருக்க. உலோகம் சரியாத்தான் இருக்கு. அரம் பிடிச்ச கைதான் சரியில்ல. அது உன் கைதான்னு உன் தங்கச்சி சொல்லிட்டா.

ஃபெண்டர் 1958-ல விட்ட ஜாஸ்மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய கதை உண்டு. உருளை சேடில் மேல மரையாணி மாதிரி பொடிப் பொடிப் பள்ளம் வரிசையா. கம்பி சேடிலைத் தாண்டி வளையிற கோணமோ ரொம்பக் குறைவு. ஓங்கி ஒரு தட்டு தட்டினா கம்பி ஒரு பள்ளத்தை விட்டு அடுத்த பள்ளத்துக்குத் தாவிடும். மேடையில பாட்டு நடுவுல கம்பி இடம் மாறி உக்காந்தா எப்படி இருக்கும்? அதைச் சரி பண்ண ஒரே ஆழமான பள்ளம் இருக்கிற மஸ்டாங் கிட்டார் சேடிலை வாங்கி மாட்டினாங்க வாசிக்கிறவங்க. பாரு, அதுவும் சேடில் மாத்தினதுதான். மாத்தினதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

அதனால பொட்டலம் வர்றதுக்குள்ள நீ ஒரு வேலை செய். ஆம்ப்பை அணைச்சுட்டு, கிட்டாரை மடியில வச்சு ஒவ்வொரு கம்பியாத் தட்டிக் காதைக் கட்டையில வச்சுக் கேளு. எந்தக் கம்பி மந்தமா இருக்கோ அதோட சேடிலை விரலால ஆட்டிப் பாரு. உயரத்துக்கு இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவுல ஒண்ணு தட்டைத் தொடாம அந்தரத்துல நிக்கும். பத்து கிட்டார்ல நாலு இப்படித்தான் என்கிட்ட வரும். சின்ன ஆலன் கீயை விட்டு ரெண்டு காலையும் சமமா ஊன்ற வை. பள்ளத்துல பிசிறு இருந்தா நைஸ் உப்புத்தாளை மடிச்சு நாலு இழுப்பு இழு, அஞ்சாவது இழுப்பு வேண்டாம். கம்பி மாட்டினதும் சேடிலுக்கு முன்னாடி ஒட்டின மாதிரி விரல் நுனியால லேசா ஒரு அமுக்கு அமுக்கு; புதுக் கம்பி அங்க வில்லா வளைஞ்சு நிக்கும், அமுக்கினா முனை பிடிச்சு உக்காரும். இதுக்கெல்லாம் காசு கிடையாது. அதனாலதான் இதை யாரும் உனக்குச் சொல்லல.

பிக்கப்பையும் பாரு. கம்பிக்குப் பக்கத்துல வச்சா சத்தம் கூடும்னு அதைத் தூக்கித் தூக்கி வச்சிருக்க. காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுக்குது, சுருதி தள்ளாடுது, சத்தம் பாதியில அமுங்குது. ஸ்ட்ராட் மாடல்ல இந்த வியாதி ரொம்ப சகஜம். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டுப் பார்த்தா நடுவுல 2 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். கம்பியைத் தரையோட தரையாத் தாழ்த்தி வச்சிருக்கியே, அது ஃப்ரெட்டுல உரசி உரசியே செத்துப்போகுது; கொஞ்சம் உசத்து, விரல் வலிச்சா வலிக்கட்டும். பின்னாடி இருக்கிற ட்ரெமலோ, அதான் சுருதியை ஆட்டுற அமைப்பு, அதோட ஸ்ப்ரிங் தொங்கிக்கிட்டு இருந்தா அதுவும் சக்தியைக் குடிக்கும். எரிக் கிளாப்டன் ட்ரெமலோவை ஆட விடாம மரக்கட்டையைச் சொருகி அடைச்சு வச்சிருந்தார். மரக்கட்டை! தச்சுப்பட்டறையில சும்மாவே குடுப்பான்.

இவ்வளவும் பண்ணிட்டும் ஒரு இடத்துல மட்டும் சத்தம் பொசுக்குன்னு செத்துப்போனா சேடிலைத் திட்டாத, கழுத்தைப் பாரு. ஜெர்மனியில, மியூனிக்ல ஹெல்முட் ஃபிளைஷர்னு ஒருத்தர் 90-கள்ல எலக்ட்ரிக் கிட்டார்களைக் கட்டி வச்சு அளந்தார். பிரிட்ஜ் பக்கம் சக்தி அவ்வளவாக் கசியல. கழுத்துதான் சில சுருதிக்குக் கூடச் சேர்ந்து ஆடி அதைத் தின்னுதுன்னு கண்டுபிடிச்சார். அந்தக் கழுத்து உன் கைப்பிடியில இருக்கிற நீள மரம். அதுக்குத் தலைப்பக்கம் ஒரு எடையைக் கவ்வ விட்டா செத்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகும். சாகாது, இடம் மாறும். நம்ம ஊர்ச் சாக்கடைத் திட்டமும் அப்படித்தான்.

சேடிலை மாத்த வேண்டிய நியாயமான காரணம் இல்லாம இல்ல. கம்பி எப்பவும் சேடில் கிட்டயே அறுந்தா, வழுக்கலான செயற்கைப் பொருள்ல செஞ்சது இருக்கு, கனடாவுல கிராஃப் டெக்னு ஒரு கம்பெனி போடுது, அது நல்லது. பிக்ஸ்பி ட்ரெமலோ வச்சிருந்தா உருளுற சேடில் சுருதியைக் காப்பாத்தும். சேடிலுக்குள்ளயே அதிர்வைக் கரண்டா மாத்துற பீஸோ வச்சது மாட்டினா மரக் கிட்டார் மாதிரி ஒரு சத்தம் தனியாக் கிடைக்கும். அது நிஜமாவே வேற டோன். ஸ்க்ரூ மரை தேஞ்சாலோ, துருப்பிடிச்சாலோ, உள்ளங்கையைக் குத்தினாலோ மாத்து. ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜுன்னா அது கம்பியைக் கடிச்சே பிடிக்கும், அது ஒரு தனி ஜாதி. அதுக்குள்ள இப்ப போக வேண்டாம், பொழுது சாஞ்சுரும்.

இதையெல்லாம் கேட்டும் உனக்கு மனசு ஆறாது, எனக்குத் தெரியும். பித்தளையை மாட்டுவ. மாட்டுறதுக்குப் பழைய கம்பியைக் கழட்டணும், புதுக் கம்பி போடணும். உயரம், நீளம் எல்லாம் முதல்ல இருந்து சரி பண்ணணும். புதுக் கம்பி போட்டா எந்தக் கிட்டாரும் பளிச்சுன்னு பாடும். உன் கம்பியில பூத்திருக்கிற வேர்வையைச் சுரண்டினா ஒரு மூட்டை உப்பு தேறும். பாடினதும் 'பித்தளை தாத்தா, பித்தளை'ன்னு ஓடி வருவ. அப்படி வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. அதே மாதிரிப் புதுக் கம்பியை முதல்ல பழைய சேடில்லயே மாட்டி, ஒரே பாட்டை ஃபோன்ல பதிவு பண்ணு. அப்புறம் பித்தளைக்கு மாத்தி, இன்னொரு செட்டு புதுக் கம்பியில அதே பாட்டு, அதே இடம், அதே ஆம்ப், அதே குமிழ். ரெண்டையும் உன் தங்கச்சிகிட்ட குடுத்து, எது எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போட்டுக் காட்டச் சொல்லு. நீ சரியாச் சொன்னா பித்தளைக்கு நான் பாதிக் காசு தர்றேன். பத்து தடவை கேட்டுப் பத்து தடவையும் சரியாச் சொல்லணும். அஞ்சு தடவை சரியாச் சொல்ல பூவா தலையா போட்டாலே போதும்.

தோத்துட்டா அந்தப் பித்தளையைத் திருப்பி அனுப்பி அலையாத, கூரியர்க்காரனுக்குத் தண்டம் அழணும். கழட்டிப் பொட்டலத்துலயே வச்சு, பில்லோட இங்க எடுத்துட்டு வா. மேலத்தெரு சர்ச்சுல கிட்டார் வாசிக்கிற பையன் பித்தளை சேடில் வேணும்னு ரெண்டு மாசமா என் வாசல்ல நடையா நடக்கிறான். அவனுக்கு முழு வெலை சொல்லிருக்கேன். உனக்குப் பாதி வெலை, தாத்தனுக்கு மீதி.